சிமியூலேட்டரா, பயிற்றுநரா, கமராவா? சாரதிப் பயிற்சிக்குப் பணம் செலவிடுமுன்

புறக்கோட்டையிலிருந்து கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் லொறி உரிமையாளர்கள், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாடசாலை வேன் நடத்துவோர், சுற்றுலாப் பயணிகளை மலைநாட்டுக்கு அழைத்துச் செல்லும் சிறு நிறுவனத்தார் ஆகியோரிடமிருந்து ஒரே கேள்வி மீண்டும் மீண்டும் வருகிறது. சாரதிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. 2025 மே மாதம் கொத்மலை, கெரண்டியெல்லவில் பயணிகள் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பின் அந்த எண்ணம் மேலும் உறுதிப்பட்டிருக்கிறது. ஆனால் வீதியைத் திரையில் காட்டி, வாகனத்தில் இருப்பதைப்போலவே ஓட்டிப் பழக்கும் கருவியான சிமியூலேட்டரில் பயிற்றுவிப்பதே நவீன முறை என்கிறார் ஒருவர். அனுபவமுள்ள பயிற்றுநரைப் பக்கத்தில் அமர்த்தி வீதியில் ஓட்டவிடுவதுதான் பயிற்சி என்கிறார் இன்னொருவர். கணினித் திரையில் ஆபத்தைக் கண்டறியப் பழக்கினாலே போதும் என்போரும், வாகனத்தில் கமரா பூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்போரும் இருக்கின்றனர். உரிமையாளரின் கையிலுள்ள பணமோ பெரும்பாலும் இவற்றில் ஒன்றுக்குத்தான் போதும்.

என் முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். எந்தக் கருவியை வாங்குவது என்பது இரண்டாவது கேள்வி. உங்கள் சாரதிகள் எந்த வகையான தவறைச் செய்கிறார்கள் என்பதே முதலாவது. அதற்கு விடை தெரியாமல் செலவிடப்படும் பணம் பெரும்பாலும் வீணாகிறது என்பதையே மனிதத் தவறு பற்றிய ஆய்வுகள் பல கோணங்களில் காட்டுகின்றன.

## தவறுகள் எல்லாம் ஒரே வகையல்ல

பிரித்தானிய உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1990இல் முன்வைத்த தவறுகளின் வகைப்பாடு இன்றும் இத்துறையின் அடித்தளமாக இருக்கிறது. செய்ய நினைத்தது சரியாக இருந்தும் கையோ காலோ பிசகுவது ஒரு வகை: பிரேக்கை மிதிக்கப்போன கால் அக்சிலரேட்டரில் விழுவது. செய்ய வேண்டியதை மறந்துவிடுவது இன்னொரு வகை: சரிவில் நிறுத்திய லொறிக்குக் கைப்பிரேக் போட மறப்பது, கடைசி இருக்கையில் தூங்கிப்போன பிள்ளையைப் பார்க்காமல் வேனைப் பூட்டிச் செல்வது. மூன்றாவது, நிலைமையைப் பிழையாக மதிப்பிட்டுத் தவறான தீர்மானம் எடுப்பது. நான்காவது இவை மூன்றிலும் சேராதது. அது தெரிந்துகொண்டே விதியை மீறுவது. நகர எல்லைக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர்தான் என்பதை அறிந்தும் 70இல் போகிறவரும், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தொலைபேசியில் முகவரி தேடுகிறவரும் அறியாமையால் அப்படிச் செய்வதில்லை.

இந்த வேறுபாடு வெறும் பெயரிடல் அன்று. ரீசனும் அவருடைய மான்செஸ்டர் குழுவினரும் உருவாக்கிய சாரதி நடத்தை வினாக்கொத்தைக் கொண்டு பின்னர் செய்யப்பட்ட ஆய்வுகளில், சாதாரணத் தவறுகளை அதிகமாகச் செய்வோரைவிட விதிகளை அதிகமாக மீறுவோரே விபத்துகளோடு கூடுதலாகத் தொடர்புபட்டிருந்தனர். மீறலுக்குக் காரணம் திறமைக் குறைவு அன்று என்றால், திறமையை வளர்க்கும் பயிற்சி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அந்த இடத்தைத் தொடாது.

பயிற்சி விற்பவர்கள் அடிக்கடி காட்டும் எண் ஒன்றையும் இங்கே சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். விபத்துகளில் 94 சதவீதத்துக்குச் சாரதியே காரணம் என்பது அந்த எண். 2005 முதல் 2007 வரை அமெரிக்காவில் நடத்தப்பட்ட கள ஆய்வொன்றின் அடிப்படையில் 2015இல் வெளியான சுருக்கமான அறிக்கையிலிருந்து அது எடுக்கப்பட்டது. விபத்துக்கு முந்திய சங்கிலியில் கடைசிக் கண்ணி எவருடையது என்பதையே அந்த அறிக்கை பதிந்தது. முழுக் காரணமும் அதுதான் என்றோ, பழி அவருடையது என்றோ அது கூறவில்லை. அந்தக் கடைசிக் கண்ணிகளை அவ்வறிக்கை பிரித்துக் காட்டிய விதம்தான் நமக்கு அதிகம் பயன்படும். சாரதிகளின் பங்கில் ஏறத்தாழ 41 சதவீதம் பார்க்கத் தவறியது அல்லது கவனம் சிதறியது. 33 சதவீதம் பிழையான தீர்மானம். வாகனத்தைக் கையாளும் திறன் போதாமை 11 சதவீதம் மட்டுமே. நாம் பயிற்சி என்று சொன்னதும் நினைவுக்கு வரும் ஸ்டியரிங், கியர், பிரேக் வேலை அந்தச் சிறிய பங்குக்குள் அடங்கிவிடுகிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு வழிகளையும் ஐந்து அளவுகோல்களால் பார்க்கிறேன். முதலாவது, அது எந்த வகைத் தவறைத் தொடுகிறது. இரண்டாவது, பயிற்சி அறையில் கற்றது வீதிக்கு வருகிறதா. இதற்குச் சான்றுள்ள வழிகள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. மூன்றாவது, சில மாதங்களுக்குப் பிறகும் நிலைக்கிறதா. நான்காவது முழுச் செலவு: பட்டியலில் எழுதப்படும் கட்டணத்தோடு, வாகனம் ஓடாத நாள், சாரதியின் சம்பளம், பயிற்சி முடித்த சாரதி வேறு இடத்துக்குப் போய்விட்டால் ஏற்படும் இழப்பு ஆகியவையும் இதில் அடங்கும். ஐந்தாவது, சாரதிகள் அதை ஏற்றுக்கொள்வார்களா, அவர்களுக்கு விளங்கும் மொழியில் அது நடக்குமா என்பது. தமிழ் மட்டுமே சரளமாகத் தெரிந்த சாரதிக்கு வேற்று மொழித் திரைக் கட்டளைகளோடு நடக்கும் பயிற்சி கண்துடைப்பாகவே முடியும்.

| தவறின் வகை | சிமியூலேட்டர் | வீதியில் பயிற்றுநர் | திரைவழி ஆபத்துணர்வுப் பயிற்சி | கமராவும் கலந்துரையாடலும் |
|---|---|---|---|---|
| கை, கால் பிசகு | ஓரளவு | நன்று | இல்லை | குறைவு |
| மறதி | குறைவு | ஓரளவு | இல்லை | ஓரளவு |
| பார்க்கத் தவறுதல் | நன்று | ஓரளவு | நன்று | ஓரளவு |
| பிழையான தீர்மானம் | நன்று | ஓரளவு | ஓரளவு | நன்று |
| தெரிந்தே மீறுதல் | குறைவு | குறைவு | இல்லை | நன்று |
| களைப்பு | உணர்த்த மட்டும் | இல்லை | இல்லை | கண்டறிய மட்டும் |

இந்த அட்டவணை, கீழே வரும் ஆய்வுகளையும் நடைமுறையையும் சேர்த்துப் பார்த்து நான் எடுத்த மதிப்பீடு. கடைசி வரிசையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; அதற்குப் பின்னர் தனியாக வருகிறேன்.

## சிமியூலேட்டர்

சிமியூலேட்டரின் பெருமை விமானத் துறையிலிருந்து வந்தது. எட்வின் லிங்க் 1929இல் உருவாக்கிய பறத்தல் பயிற்சிக் கருவியிலிருந்து இன்று விமானிகள் ஆண்டுதோறும் ஏறி இறங்கும் பெருங்கருவிகள் வரை அங்கே அது மறுக்க முடியாத வெற்றி. ஆனால் விமானி அங்கே பழகுவது பெரும்பாலும் இயந்திரக் கோளாறுகளுக்கு எதிரான வரையறுக்கப்பட்ட நடைமுறைகளை. கொழும்பில் லொறி ஓட்டுபவரின் பிரச்சினை அப்படிப்பட்டதன்று. ஆமர் வீதிச் சந்தியில் இடதுபக்கம் நுழையும் முச்சக்கர வண்டி, வலதுபக்கம் உரசிக்கொண்டு போகும் மோட்டார் சைக்கிள், எதிரே சமிக்ஞை இல்லாமல் திரும்பும் வேன் ஆகிய மற்றவர்களின் நடத்தையை ஊகிப்பதே அவருடைய வேலை. விமானத்தில் கிடைத்த பலன் அப்படியே வீதிக்கும் கிடைக்கும் என்று எவரேனும் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை.

ஆயினும் சிமியூலேட்டருக்கு வேறு எதுவும் தர முடியாத ஒரு பலம் உண்டு. தவறு செய்ய விடுவதுதான் அது. 2000ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் கரோலினா இவான்சிச்சும் பெரில் ஹெஸ்கெத்தும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினர் சிமியூலேட்டரில் தவறு செய்து அதன் விளைவை அனுபவிக்குமாறும், மற்றப் பிரிவினர் அதே பாதையில் தவறே நேராதவாறும் பயிற்றுவிக்கப்பட்டனர். பின்னர் அதையொத்த சூழ்நிலைகளில் சோதித்தபோது தவறு செய்து கற்றவர்களே நன்றாக ஓட்டினர். அத்துடன் தங்கள் திறமை பற்றிய அவர்களுடைய தன்னம்பிக்கையும் குறைந்திருந்தது. தன்னம்பிக்கை குறைவது நல்ல விளைவா என்று கேட்கத் தோன்றலாம். வீதிப் பாதுகாப்பில் அது மிக நல்ல விளைவு. பல ஆண்டுகள் விபத்தின்றி ஓட்டியவர், முன்னால் நிற்கும் பஸ்ஸின் மறைவிலிருந்து வரும் பாதசாரியைத் திரையில் மோதிவிட்டு அமைதியாகிப் போகும் அந்த நிமிடத்தை எந்த விரிவுரையாலும் உண்டாக்க முடியாது.

இதே பலம் மலைநாட்டுப் பயணங்களுக்கும் பொருந்தும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்து எஞ்சினின் பிடியில் இறங்குவதே வழி. கடுகண்ணாவையிலோ றம்பொடையிலோ உண்மையான பயணிகளோடு இதைப் பிழையாகச் செய்து பார்த்துக் கற்க எவரையும் விட முடியாது. சிமியூலேட்டரில் விடலாம், பிரேக் போகும்வரை இறங்கவிடலாம், திரும்பவும் மேலிருந்து தொடங்கச் சொல்லலாம்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். முதலாவது உடல்நிலை. திரையில் வீதி திரும்புகிறது, உட்செவியோ உடல் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டால் சிலருக்குக் கொட்டாவி, பிறகு நெற்றியில் குளிர்ந்த வியர்வை, பிறகு வயிற்றைப் புரட்டல் என்று வரிசையாக வரும். நேர்ப்பாதையில் ஒன்றும் தோன்றாத ஒருவர், சந்தியில் வலதுபக்கம் திரும்பிச் சட்டென்று பிரேக் போட்ட உடனேயே கருவியை நிறுத்தச் சொல்லிவிடுவார். வயதில் மூத்தவர்களுக்கு இது கூடுதலாக நேர்கிறது. நம் லொறிச் சாரதிகளில் அனுபவமிக்கவர்கள் பலரும் அந்த வயதினரே. முதல் அமர்வைச் சுருக்கமாக வைத்து, சந்திகளைப் பிந்திய அமர்வுகளுக்குத் தள்ளி, அறையைக் குளிர்ச்சியாக வைத்திருந்தால் இதைக் குறைக்கலாம். ஆனால் பயிற்சி முடிந்த உடனே அந்தச் சாரதியை வாகனம் ஓட்ட அனுப்பக் கூடாது. ஆகவே அரை நாள் பயிற்சி என்பது நடைமுறையில் ஒரு முழு நாள்.

இரண்டாவது, கருவியினுள் இருக்கும் வீதி. வலதுபக்கம் ஓட்டும் நாடுகளுக்காகச் செய்யப்பட்ட மென்பொருளில் நம் சாரதிகளைப் பயிற்றுவிப்பது பயனற்றதோடு, பார்க்க வேண்டிய திசையையே பிழையாகப் பழக்கிவிடும். முச்சக்கர வண்டிகள் இல்லாத, கோடு மாறாமல் ஓடும் வாகனங்களே உள்ள நகரமும் நமக்குப் போதாது. மூன்றாவது, கருவிக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள். ஓட்டம் முடிந்ததும் பதிவை மீள ஓடவிட்டு, எங்கே பார்க்கவில்லை, ஏன் பார்க்கவில்லை என்று பேசும் பயிற்றுநர் இல்லையென்றால் அது விளையாட்டாகவே முடிந்துவிடும்.

விலைப்பட்டியலில் கண்ணைக் கவர்வது அசையும் மேடை, வளைந்த திரை, உண்மையான வாகனத்தின் முன்பகுதி ஆகியவை. சுவீடனின் லிங்ஷோப்பிங்கிலும் ஜேர்மனியின் பெர்லினிலும் 1980களின் நடுப்பகுதியில் அமைக்கப்பட்ட அசையும் சிமியூலேட்டர்கள் ஆய்வுக்கும் வாகன வடிவமைப்புக்கும் உரியவை. பயிற்சிக்கு அவ்வளவு தேவையா என்பது வேறு கேள்வி. சிமியூலேட்டரில் கிடைக்கும் வேகமோ பிரேக் தூரமோ வீதியில் உள்ள எண்ணோடு அப்படியே பொருந்தாவிட்டாலும், ஒரு மாற்றம் எந்தத் திசையில் விளைவு தருகிறது என்பது பொருந்தினால் பல நோக்கங்களுக்கு அது போதும் என்பதை ப்ளாவ் என்ற ஆய்வாளர் 1982இலேயே பிரித்துக் காட்டினார். பார்வையையும் தீர்மானத்தையும் பயிற்றுவிக்க மூன்று திரையும் ஒழுங்கான கால்மிதிகளும் உள்ள எளிய கருவி போதுமானது. மேடை அசைவதற்காகப் பல மடங்கு பணம் கொடுப்பது சிறிய நிறுவனத்துக்குத் தேவையற்றது என்றே கருதுகிறேன்.

பிற நாடுகள் இதை எவ்வாறு அணுகுகின்றன என்பதும் கவனத்துக்குரியது. சிங்கப்பூர் 2019 டிசம்பரிலிருந்து புதிதாகக் கற்போருக்குச் சிமியூலேட்டர் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டமோ, தொழில்முறைச் சாரதிக்கான 20 மணிநேரத் தனி ஓட்டப் பயிற்சியில் அதிகபட்சம் 8 மணிநேரத்தையே சிமியூலேட்டரிலோ தனித் திடலிலோ செய்ய அனுமதித்தது. மீதி 12 மணிநேரமும் வீதிக்குரியவை.

## வீதியில் பயிற்றுநர்

உண்மையான வாகனம், உண்மையான வீதி, உண்மையான நெரிசல் ஆகிய மூன்றையும் வேறு எந்த வழியும் தருவதில்லை. உங்கள் லொறியின் கிளச் எப்படி, சரக்கு ஏற்றியபின் அது எவ்வளவு தூரத்தில் நிற்கும், பக்கக் கண்ணாடியில் எந்தப் பகுதி தெரியாது என்பவற்றையெல்லாம் அந்த லொறியில்தான் கற்க முடியும். புதிதாகச் சேர்ந்தவருக்கும், வேனிலிருந்து லொறிக்கு மாறுபவருக்கும் இதைத் தவிர்க்க முடியாது.

ஆனால் அனுமதிப்பத்திரம் பெற்று அனுபவமும் உள்ளவர்களுக்கு மேலதிகப் பயிற்சி அளித்தால் விபத்து குறைகிறதா என்பதற்குக் கிடைத்த விடை சங்கடமானது. உலகின் பல நாடுகளில் நடந்த சோதனைகளை ஒன்றுதிரட்டி 2003இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு (சுகாதார ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பொன்றின் அறிக்கை), அத்தகைய பயிற்சி விபத்துகளைக் குறைப்பதற்குச் சான்று இல்லை என்று முடிவு கூறியது. நோர்வேயில் வழுக்கும் பாதையில் வாகனத்தைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொடுத்தபின் இளம் ஆண் சாரதிகளிடையே விபத்து அதிகரித்ததாகவே பதிவாயிற்று. எந்த நிலையிலும் சமாளித்துவிடலாம் என்ற எண்ணம் ஊட்டப்பட்டபோது, அந்த நிலைக்குப் போகாமல் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை கரைந்துவிட்டது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். மழையில் சறுக்கும் வாகனத்தைத் திருப்பிக் காட்டும் வித்தைகளைத் திடலில் கற்பிப்பதாக யாராவது முன்வந்தால், இளம் சாரதிகளை அனுப்புமுன் இதை நினைத்துப் பாருங்கள்.

வீதிப் பயிற்சிக்கு வேறொரு எல்லையும் உண்டு. பக்கத்தில் ஒருவர் குறிப்பேட்டோடு இருக்கும்போது எல்லோரும் ஒழுங்காகத்தான் ஓட்டுவார்கள். மீறல் அங்கே தலைகாட்டாது. சிறுவன் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிவருவதை வீதியில் ஏற்பாடு செய்யவும் முடியாது.

இவ்வழியைத் தேர்ந்தால், ஓட்டிக்கொண்டே பேசச் சொல்லும் முறையைப் பயிற்றுநரிடம் கேட்டுப் பெறுங்கள். எதைப் பார்க்கிறேன், அது அடுத்து என்ன செய்யக்கூடும், நான் என்ன செய்யப்போகிறேன் என்று சாரதி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். இப்படிப் பழகிய சாரதிகள் ஆபத்துக்கு முன்கூட்டியே பதிலளித்ததை 2010இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று காட்டியது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். பரீட்சையில் சித்தியடைய வைப்பதில் தேர்ந்த பயிற்றுநர் எல்லோருக்கும் இது கைவராது என்பதால், ஆளைத் தெரிவுசெய்வதில்தான் கவனம் வேண்டும். பயிற்சியின்போது உங்கள் காப்புறுதி செல்லுபடியாகுமா என்பதையும் முதலிலேயே கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

## திரைவழி ஆபத்துணர்வுப் பயிற்சி

நான்கிலும் மிக மலிவானது இது. ஒரு கணினியும் ஒரு மேசையும் போதும். மலிவு என்பதால் இதைத் தள்ளிவிடுவோர் உண்டு, அது பிழை. பிரித்தானியா 2002இலிருந்து ஆபத்தை முன்னுணரும் சோதனையைச் சாரதிப் பரீட்சையின் ஒரு பகுதியாக வைத்திருக்கிறது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஃபிஷரின் குழு உருவாக்கிய பயிற்சியில் வரும் ஒரு காட்சியை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது கொழும்பின் காலி வீதியில் ஒவ்வொரு நாளும் நடப்பது.

பாதசாரிக் கடவைக்குச் சற்று முன்னால், இடது ஓரத்தில் ஒரு பெரிய வாகனம் நிற்கிறது. அது கடவையின் இடது முனையை முழுதாக மறைக்கிறது. நீங்கள் அதை வலப்புறமாகத் தாண்டிப் போகிறீர்கள். புதிய சாரதியின் கண் நேரே முன்னால் இருக்கிறது; பாதை காலியாகத்தான் தெரிகிறது. பயிற்சி பெற்றவரின் கண்ணோ அந்த வாகனத்தின் முன்விளிம்புக்கு, ஒருவர் தோன்றினால் எங்கே தோன்றுவாரோ அந்த இடத்துக்குப் போகிறது. கால் அக்சிலரேட்டரிலிருந்து எழுகிறது. வெள்ளவத்தையில் பஸ் நின்றவுடன் இறங்கியவர் அதன் முன்னாலேயே வீதியைக் கடப்பதை அறியாதவர் நம்மில் யாரும் இல்லை. மணிக்கு 50 கிலோமீற்றரில் வாகனம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் போகிறது. விளிம்பைப் பார்க்காதவருக்குப் பாதசாரி தோன்றியபின் கிடைக்கும் நேரம், காலை எடுத்துப் பிரேக்கில் வைக்கவே போதாது.

அப்பயிற்சியில் முதலில் படத்தில் ஆபத்து எங்கே என்று குறிக்கச் சொல்கிறார்கள், சாரதி தவறவிடுகிறார், மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் மறைவுப் பகுதி காட்டப்படுகிறது, பிறகு அதே இடம் மறுபடியும் வருகிறது. இப்படிப் பயின்றவர்கள் சிமியூலேட்டரிலும் உண்மையான வீதியிலும் பார்க்க வேண்டிய இடங்களைக் கூடுதலாகப் பார்த்ததைக் கண்ணசைவுப் பதிவுகள் காட்டின. கலிபோர்னியாவில் 5,000க்கும் மேற்பட்ட பதின்ம வயதுச் சாரதிகளைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற ஆண்களின் விபத்து வீதம் ஏறத்தாழ 24 சதவீதம் குறைந்திருந்தது. பெண்களிடம் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. ஆகவே எல்லோருக்கும் பொருந்தும் மருந்தாக இதை எண்ண முடியாது. இருந்தாலும் இவ்வளவு சிறிய செலவில் உண்மையான விபத்து எண்ணிக்கையில் மாற்றம் காட்டிய பயிற்சிகள் அரிது.

பல்லாண்டு அனுபவமுள்ளவருக்கு இதில் கிடைப்பது குறைவு. மீறலை இது தொடுவதே இல்லை. வெளிநாட்டு வீதிப் படங்களைவிட, உங்கள் வாகனங்களின் கமராவிலேயே பதிவான கொழும்புக் காட்சிகளைக் கொண்டு இதை நடத்தினால் சாரதிகள் ஈடுபாட்டோடு பங்குகொள்வார்கள்.

## கமராவும் கலந்துரையாடலும்

திடீர் பிரேக், வேகமான திருப்பம் போன்றவை நேரும்போது முன்பின் சில வினாடிகளைப் பதிந்து வைக்கும் கமராவை நான்காவது வழியாகச் சொல்கிறேன். ஆனால் இங்கே வேலை செய்வது கமராவன்று, அதன்பின் நடக்கும் உரையாடல். ஹிக்மனும் ஹனோவ்ஸ்கியும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பதிவைப் பார்த்துச் சாரதியோடு மேற்பார்வையாளர் பேசிய இரண்டு அமெரிக்க லொறி நிறுவனங்களில் ஆபத்தான நிகழ்வுகள் முறையே 37, 52 சதவீதம் குறைந்தன. 2017இல் வெளியான இன்னொரு ஆய்வு விடயத்தை மேலும் தெளிவாக்கியது: வாகனத்தினுள் எச்சரிக்கை விளக்கு மட்டும் எரிந்த குழுவில் எதுவும் செய்யப்படாத குழுவைவிடக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை, விளக்கோடு மேற்பார்வையாளரின் பேச்சும் சேர்ந்த குழுவிலேயே மாற்றம் வந்தது.

கமராவே இல்லாமலும் உரையாடல் பலன் தரும் என்பதற்குச் சுவீடனின் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் நடந்த ஆய்வு சான்று. சாரதிப் பயிற்சி, பிரசாரம், விபத்தின்மைக்கு ஊக்கத்தொகை, சிறு குழுக் கலந்துரையாடல் ஆகிய நான்கும் வெவ்வேறு குழுக்களில் முயலப்பட்டன. 1996இல் வெளியான முடிவுகளில் விபத்தை மிக அதிகமாகக் குறைத்தது கலந்துரையாடல்தான். தங்கள் வேலையில் எது ஆபத்து, அதை எப்படித் தவிர்ப்போம் என்று சாரதிகளே பேசி, தாங்களே செய்யப்போகும் ஒன்றை முடிவெடுத்தார்கள். மேலிருந்து வந்த கட்டளையை மீறுபவர், தோழர்கள் முன்னிலையில் தான் சொன்ன சொல்லை அவ்வளவு எளிதில் மீறுவதில்லை.

இதற்கும் மறைந்த செலவு உண்டு, அது பணமாகத் தெரியாது. பதிவுகளை ஒவ்வொரு வாரமும் பார்க்க ஒருவர் வேண்டும். அவர் சாரதிகள் மதிப்பவராக இருக்க வேண்டும். சாரதியின் முகத்தைப் படம்பிடிக்கும் கமராவைச் சொல்லாமல் பூட்டினால் நம்பிக்கை அன்றோடு போய்விடும். பதிவை வைத்துச் சம்பளத்தில் வெட்டினால் கமராவின் முன் துணி தொங்கத் தொடங்கும். நல்ல சாரதிகள் வேறு வேலை தேடிப் போவார்கள். பதிவு எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டே பூட்ட வேண்டும்.

## எந்தப் பயிற்சியும் தொடாத பகுதி

அட்டவணையின் கடைசி வரிசைக்கு வருகிறேன். அதிகாலை 4 மணிக்கு எழுந்து பாடசாலை ஓட்டம் முடித்து, பகலில் அலுவலக ஓட்டம் பார்த்து, இரவு கட்டுநாயக்கவுக்கு ஒரு பயணம் ஏற்றுக்கொள்ளும் சாரதி, இரவு 9 மணிக்கு 17 மணிநேரம் விழித்திருக்கிறார். அவ்வளவு நேரம் விழித்திருப்பது, இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ள நிலைக்கு நிகராகச் செயற்திறனைக் குறைக்கிறது என்று 1997இல் டோசனும் ரீடும் காட்டினர். அந்தச் சாரதியைச் சிமியூலேட்டரில் அமர்த்தி அவருடைய எதிர்வினை எவ்வளவு பிந்துகிறது என்பதைக் காட்டலாம். காட்டிவிட்டு அதே வேலை நேர அட்டவணையை மறுநாளும் கொடுத்தால் பயிற்சிக்கு என்ன பொருள்?

ரீசன் தனிமனிதத் தவறோடு நிற்கவில்லை. நிறுவனத்துக்குள் மேலிருந்து எடுக்கப்பட்ட தீர்மானங்கள் நெடுங்காலம் மறைந்திருந்து, ஒருநாள் ஓட்டுபவரின் தவறோடு சேர்ந்து விபத்தாகின்றன என்பதே அவருடைய முக்கியமான வாதம். ட்ரிப் கணக்கில் மட்டும் சம்பளம், பிந்தினால் அபராதம், ஓடிக்கொண்டிருக்கும்போதே அலுவலகத்திலிருந்து வரும் அழைப்பு, தேய்ந்த டயரை அடுத்த மாதம் மாற்றலாம் என்ற ஒத்திவைப்பு ஆகியவை அத்தகைய தீர்மானங்கள். ஓடும் வாகனத்துக்கு அழைப்பு எடுக்கக்கூடாது என்று அலுவலகத்துக்கு ஒரு விதி போடுவதற்குக் காசு தேவையில்லை. கவனச் சிதறலுக்கு எதிராக இந்தக் கட்டுரையிலுள்ள நான்கு வழிகளையும்விட அது உடனே வேலை செய்யும். பயிற்சிக்குப் பணம் ஒதுக்கும் உரிமையாளர் முதலில் தம்முடைய நேர அட்டவணையை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

## யாருக்கு எது

ஐந்து முதல் இருபது வாகனங்கள் வரை வைத்து நகருக்குள் விநியோகம் செய்பவருக்குக் கமராவும் மாதாந்தக் கலந்துரையாடலும் முதல் தேர்வு. புதிதாகச் சேர்பவர்களுக்குத் திரைவழிப் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளலாம். சொந்தமாகச் சிமியூலேட்டர் வாங்குவது இந்த அளவில் நியாயப்படாது.

மலைநாட்டுக்கும் அதிவேக நெடுஞ்சாலைக்கும் பயணிகளை ஏற்றிச் செல்வோருக்குச் சிமியூலேட்டர் நேரத்தை வாடகைக்கு எடுப்பது பொருத்தமானது. இறக்கம், பிரேக் இழப்பு, மழையில் பின்தொடரும் இடைவெளி, இரவுக் களைப்பு என்று குறிப்பிட்ட சில காட்சிகளை மட்டும் கேட்டு வாங்க வேண்டும். இடதுபக்க ஓட்டம், கைக்கியர், தமிழிலும் சிங்களத்திலும் பேசும் பயிற்றுநர் ஆகிய மூன்றும் இல்லாவிட்டால் கையெழுத்திட வேண்டாம்.

பாடசாலை வேன்களின் நிலை தனியானது. அங்கே பெரிய ஆபத்து ஓட்டத்தைவிட ஏற்றி இறக்குவதில் இருக்கிறது. பிள்ளை இறங்கி வேனின் முன்னால் கடப்பது, பின்னோக்கி எடுப்பது, பிள்ளையை உள்ளே மறந்து விடுவது ஆகிய எதற்கும் சிமியூலேட்டர் உதவாது. கடைசி இருக்கைவரை நடந்து பார்த்த பின்னரே கதவைப் பூட்டும் வழக்கமும், உதவியாளர் கைகாட்டாமல் வேன் நகராது என்ற ஒழுங்கும், இரண்டையும் பழக்கும் ஒரு பயிற்றுநரின் சில மணிநேரமும் போதும்.

கனரக வாகனங்களுக்குப் புதிய சாரதிகளைத் தொடர்ந்து சேர்க்கும் பெரிய நிறுவனங்களுக்கே சொந்தச் சிமியூலேட்டர் பொருந்தும். அப்போதும் கருவிக்கு ஒதுக்கும் தொகைக்குச் சமமாகப் பயிற்றுநர்களுக்கும் ஒதுக்க முடியுமா என்று முதலில் கணக்கிட வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும், அது வேலை செய்கிறதா என்பதை விபத்து எண்ணிக்கையால் அளக்க முயல வேண்டாம். பத்து வாகனங்களில் ஆண்டுக்கு ஓரிரு விபத்துகளே நேரும். அவை கூடினாலும் குறைந்தாலும் தற்செயலாக இருக்கலாம். பயிற்சிக்கு முந்திய ஒரு மாதத்தில் ஒவ்வொரு நூறு கிலோமீற்றருக்கும் எத்தனை திடீர் பிரேக், எத்தனை வேக மீறல், சாரதிகளே வந்து சொன்ன மயிரிழைத் தப்பல்கள் எத்தனை என்று எழுதி வையுங்கள். பயிற்சி முடிந்த அடுத்த மாதத்திலும், பிறகு ஆறாவது மாதத்திலும் அதையே எண்ணுங்கள். சாரதிகள் சொல்லும் தப்பல்களின் எண்ணிக்கை முதலில் கூடினால் அஞ்ச வேண்டாம். பயமின்றிச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். கமரா எண்ணும் நிகழ்வுகள் ஆறாவது மாதத்திலும் குறைந்தே இருந்தால் அடுத்த ஆண்டுக்கும் அதே வழிக்குப் பணம் ஒதுக்கலாம். பழைய அளவுக்குத் திரும்பியிருந்தால், அதே பயிற்சியை மறுபடி வாங்குமுன் எந்தச் சாரதியிடம், எந்த நேரத்தில், எந்தப் பாதையில் அவை திரும்பின என்று பாருங்கள்.